சவக்காலை வாசலில் "போட்டு வாறன்"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, முனி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். ஃப்ரிபூர்க்கில் எங்கள் ஆட்கள் பிறந்தநாள், சாமத்தியவீடு என்று கூடும் இடமெல்லாம் இப்படிக் கதைகள் ஓடும், லிஃப்டில் வெள்ளை உடுப்போடு ஒருத்தி நின்றாளாம், ஹோட்டல் நிலவறையில் யாரோ இருமினார்களாம். நான் கேட்பது ஒரே கேள்விதான். "கண்ணாடி போட்டிருந்தனீங்களோ?" அதோடு கதை நின்றுவிடும். ஆகவே நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் இது பட்டப்பகலில், கையில் மொப்போடு, மூக்கில் கண்ணாடியோடு நான் கண்டது.

நாங்கள் இருப்பது ஃப்ரிபூர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி ஒரு கிராமம். ஒரு சேர்ச், அதைச் சுற்றிச் செத்தவர்களைப் புதைக்கிற சவக்காலை, ஒரு சீஸ் கடை, மிச்சமெல்லாம் மாடு. வாடகை குறைவு என்று வந்து பதினாறு வருஷம். என் மனுசன் நகரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல், நான் அப்போது அங்கே ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. விடிய முன்னம் போய் இருட்டிய பின் வருவோம்.

பிரஜாவுரிமைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டோம். இந்த நாட்டில் அது சும்மா தாளில் முடிகிற காரியமில்லை, நீங்கள் இருக்கிற ஊரின் சபை, இங்கே கெமைண்ட என்பார்கள், அது உங்களைக் கூப்பிட்டு இருத்தி விசாரிக்கும், இந்த ஆள் எங்கள் ஊரோடு ஒட்டியிருக்கிறாரா என்று. அந்தக் குழுவுக்குத் தலைவி ஃபிராவ் மோசர், எங்கள் பேச்சில் மிஸஸ் மோசர், அறுபது வயது மனுசி. பெயரிலேயே மோசம் இருக்கிறதே என்று பஸ்ஸிலேயே என் மனுசனுக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பயத்தில் கழுத்துப்பட்டியை நாலு தரம் கட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மனுசன் பாஸ். ஏன் தெரியுமா, "இந்த ஊரில் உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டதற்கு "சீஸ்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். என்னிடம் ஊரில் ஓடும் ஆற்றின் பெயரைக் கேட்டார்கள். எல்லோரும் "பாஹ், பாஹ்" என்றுதானே சொல்கிறார்கள், நானும் "பாஹ்" என்றேன். பாஹ் என்றால் ஓடை என்று பிறகுதான் தெரியும். உன் பெயர் என்ன என்று கேட்க, மனுசி என்று சொன்ன மாதிரி. அடுத்தது ஊரில் பிடித்த இடம். நான் உண்மை பேசுகிறவள், "பஸ் தரிப்பிடம்" என்றேன். ஃபிராவ் மோசர் பேனையை மூடி வைத்தா. ஊரோடு இன்னும் ஒட்டவில்லையாம், இரண்டு வருஷம் கழித்து வரட்டாம்.

அந்த இரண்டு வருஷத்துக்குள் லண்டனில் என் தங்கச்சிக்குக் கலியாணம் வந்தது. எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. நானும் அவரும் சோடியாக நின்று தாரை வார்த்துக் கொடுக்கவேண்டிய கலியாணம். என் மனுசன் சிவப்புப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார். எனக்கு விசா வந்தது கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள். வேறொரு சோடியைப் பிடித்து நிற்கவைத்துத் தாரை வார்த்தார்கள். என் மனுசன் பந்தியில் இரண்டு தரம் சாப்பிட்டதுதான் எங்கள் குடும்பத்தின் பங்கு. நான் இங்கே குசினியில் போனை மிளகாய்த்தூள் போத்தலில் சாத்தி வைத்துப் பார்த்து அழுதேன். தங்கச்சி மாலையோடு போனுக்குக் கிட்ட வந்து, "அழாதேங்கோ அக்கா. எனக்கொரு பிள்ளை குட்டி எண்டு வரேக்கை நீங்கள் பக்கத்தில நிக்கவேணும், அது போதும்," என்றாள். அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த ஊரோடு பசை போட்டாவது ஒட்டுவது என்று.

அப்போதுதான் சேர்ச்சுக்கு சிக்ரிஸ்ட் தேவை என்று விளம்பரம் வந்தது. சேர்ச்சைத் திறந்து பூட்டி, கூட்டித் துடைத்து, மெழுகுதிரி மாற்றி, மணியைக் கவனித்து, சவக்காலையையும் துப்புரவாக வைத்திருக்கிற ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. நான் நெற்றியில் திருநீற்றோடு போய் நின்றேன். சேர்ச் சபைக்கும் தலைவி யாரென்று நினைக்கிறீர்கள்? அதே மோசர். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது சரிவருமா?" என்று கேட்டா. "தூசிக்குச் சமயம் இல்லை ஃபிராவ் மோசர்," என்றேன். வேலை கிடைத்தது. நகரத்து வேலையை விட்டேன்.

எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓரிடத்தை விட்டு வெளிக்கிடும்போது வெறுமனே "போறன்" என்று சொல்லமாட்டோம். "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் வாயில் வரும். நானும் தினமும் பின்னேரம் சேர்ச்சின் பெரிய கதவைப் பூட்டி, திறப்பைப் பையில் போட்டு, படியில் திரும்பி நின்று "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். உள்ளே இருக்கிற மாதா சிலைக்கும் மற்றச் சுருவங்களுக்கும் சொல்வதாகத்தான் நினைப்பு. ஆனால் கதவைப் பூட்டித் திரும்பினால் என் முகத்துக்கு நேரே இருப்பது சவக்காலை. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் கிழவர் முதலில் வந்தது செப்டெம்பர் கடைசியில், ஒரு வியாழக்கிழமை நாலு மணி போல. நீல வேலைக்கோட்டு, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, இடது கையில் சின்னவிரல் பாதிதான். இந்த ஊர்க் கிழவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள், ஆகவே எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. நான் அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் நடந்து போய்க் கடைசி மர வாங்கில் உட்கார்ந்தார். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். தரையைப் பார்த்தால் ஒரு தடம் இல்லை. நீங்களாக இருந்தால் அந்த இடத்திலேயே ஓடியிருப்பீர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்ன நல்ல மனுசன், சப்பாத்தை வடிவாகத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார், இந்த ஊரில் ஒருவருக்காவது வளர்ப்பு இருக்கிறது என்று.

அவர் சொன்னதை என் தமிழில்தான் சொல்லமுடியும். "நீ ஒவ்வொரு நாளும் பூட்டிப்போட்டு எங்களுக்கு என்னவோ சொல்லுறியே, அது என்ன?" என்று கேட்டார். அந்தக் கிராமத்தில் என்னை முதன்முதலாக 'டூ' போட்டு, உரிமையாக 'நீ' என்று கூப்பிட்டவர் அவர்தான், மற்றவர்களெல்லாம் பதினான்கு வருஷமாக 'நீங்கள்'தான். நான் சொல்லை விளங்கப்படுத்தினேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இஞ்சை நாங்கள் விடைபெறேக்கை 'அடியே' எண்டு சொல்லிப்போட்டுப் போனால் போனதுதான். உங்கடை நல்லாயிருக்கு, போனாலும் வரலாம்," என்றார். உடனே சொல்லிப் பார்த்தார். "போத்து வாரன்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போத்து இல்லை அண்ணை, போட்டு. போட்டு வாறன்." "போத்து வாரன்." எத்தனை தரம் திருத்தினாலும் போத்துதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு மணிக்கு வருவார். சாமி கும்பிட்டு நான் காணவில்லை. வந்தால் ஊர்ப்புதினம்தான். எந்த வீட்டுக்காரன் எந்த வீட்டுக்காரனோடு வேலிச் சண்டை, பெரிய மணியில் எந்த இடத்தில் வெடிப்பு, எந்தப் பாதிரியாருக்குக் குறட்டை. அப்பாடா, இந்த ஊரிலும் கதைக்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் துடைப்பேன், அவர் கதைப்பார். நானும் சும்மாவா இருந்தேன், தங்கச்சியின் கலியாணம், விசா, மோசர், எல்லாம் ஒப்பித்தேன்.

ஒருநாள் அவர் பேக்கரிக்காரரின் மகள் வ்ரேனியின் கதையைச் சொன்னார். பத்து வயதில், பூசை நடக்கும் நேரம், பாதிரியாரின் செர்ரி மரத்தில் ஏறிக் களவாகத் தின்று, கிளை முறிந்து விழுந்தாளாம். நாடியில், வாய்க்குக் கீழே, வெட்டு, பாவாடை கிழிசல். தகப்பன் கண்டால் தோலை உரிப்பார் என்று பிள்ளை நடுங்க, இவர் அவளை மணிக்கூண்டுக்குள் ஒளித்து, சப்பாத்து தைக்கிற கறுப்பு நூலால் பாவாடையைத் தைத்துக் கொடுத்து, ஏணி சாத்தும்போது கிளையைத் தானே முறித்ததாகச் சொல்லிப் பாதிரியாரிடம் ஏச்சு வாங்கினாராம். "இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதை," என்றார். "சத்தியமாய்ச் சொல்லமாட்டன் அண்ணை," என்றேன்.

ஒக்டோபரில் கெமைண்டயிலிருந்து ஏழு மஞ்சள் அட்டைகள் தந்தார்கள், ஏழு கல்லறைகளில் ஒட்டச் சொல்லி. இங்கே சவக்காலையில் ஒருவருக்கு இருபத்தைந்து வருஷம்தான். அதற்குப் பிறகு கல்லைத் தூக்கி நிலத்தை மட்டமாக்கிப் புல் போட்டுவிடுவார்கள். குளிரில் விரல் விறைக்க, பெயர்கூடப் பார்க்காமல் ஒட்டிவிட்டு உள்ளே வந்து கிழவரிடம் முறையிட்டேன். "பாருங்கோ அண்ணை, உங்கடை நாட்டில செத்த பிறகும் பெர்மிட் முடியுது." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "புதுப்பிச்சுத் தரமாட்டினமோ?" என்று கேட்டார். "இல்லையாம், கேட்டுப் பார்த்தனான்." "பிறகு அவையள் எங்கை போறது?" "எனக்கென்ன தெரியும். என்ரை பாஸ்போர்ட்டுக்கே வழியைக் காணேல்லை."

வீட்டில் என் மனுசனுக்கு இந்தக் கிழவரைப் பற்றிச் சொல்லும்போது "போட்டு வாறன்" கதையும் வந்தது. அவரின் சோற்றுக் கை அப்படியே நின்றது.

"எங்கை நிண்டு சொல்லுறனீர்?"

"சேர்ச் படியில."

"சவக்காலையைப் பார்த்தோ?"

"ஓம், அங்காலை திரும்பித்தானே இறங்கவேணும்."

"உமக்கென்ன விசரோ? செத்தவீட்டிலயே நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வாற சனம். நீர் ஒரு சவக்காலைக்கே ஒவ்வொரு நாளும் போட்டு வாறன் எண்டு சொல்லிக்கொண்டு வாறீர்!"

அவர் சொன்னது சரிதான். செத்தவீட்டில் அந்தச் சொல் சொன்னால் திரும்பவும் அங்கே சாவு வரும் என்று ஒரு பயம், குழந்தைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் விட்டுக்கொடுப்பேனா? "அவையளுக்குத் தமிழ் விளங்காது, நீங்கள் சாப்பிடுங்கோ," என்றேன். அவர் அன்றிரவு எனக்குக் கறுத்த நூல் கட்டினார். நான் துவைக்கும்போது அது கழன்று போய்விட்டது.

இரண்டாவது விசாரணை நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்கு. முதல் நாள் வியாழக்கிழமை, வெளியே பால்போல மூடுபனி. கிழவர் வந்தார், அதிகம் கதைக்கவில்லை. எனக்கும் பதற்றத்தில் கதை வரவில்லை. "நாளைக்கு உனக்குச் சரிவரும்," என்றார். "சரிவராட்டி?" "பஸ் தரிப்பிடம் எண்டு மட்டும் சொல்லாதை." எழுந்து ஈரத் தரையால் நடந்து கதவடிக்குப் போய்த் திரும்பி நின்றார். நின்று, சுத்தமாக, யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவர் சொல்வதுபோல, "போட்டு வாறன்," என்றார். 'ட்டு'வும் சரி, 'ற'வும் சரி. எனக்குப் புல்லரித்துப்போனது, சந்தோஷத்தில்தான். நாங்கள் இதற்கு என்ன பதில் சொல்வோம்? யோசிக்காமல் வாயில் வந்தது. "ஓம், போட்டு வாங்கோ."

வெள்ளிக்கிழமை மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் மோசர். ஓடையின் பெயர் சொன்னேன், மணிகளின் பெயர் சொன்னேன், பெரிய மணியின் வெடிப்புவரை சொன்னேன். மோசர் கண்ணாடியைக் கழற்றினா. "சென்ற முறை உங்களுக்குப் பிடித்த இடம் பஸ் தரிப்பிடம். இந்த முறை?"

"சேர்ச்சின்ரை கடைசி வாங்கு."

"ஏன்?"

"அங்கைதான் ஊர்க்கதை கேட்கலாம்."

"அப்படியா? எங்கள் ஊரைப் பற்றி, புத்தகத்தில் இல்லாத ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம்."

தலைக்குள் ஒன்றும் இல்லை. தங்கச்சியின் முகம் வருகிறது, இன்னொரு தரம் போனில் பார்த்து அழமுடியாது. வாயைத் திறந்தேன், வந்தது செர்ரி மரம். சத்தியத்தை மறந்து, மரம், கிளை, நாடி, பாவாடை, கறுப்பு நூல், மணிக்கூண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நல்லாகத்தான் சொன்னேன், மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மோசர் சிரிக்கவில்லை. அவவின் கை மெதுவாக எழும்பி நாடிக்குக் கீழே போனது. அங்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. அட கடவுளே, பேக்கரிக்காரரின் மகளை அவவின் முன்னாலேயே கள்ளி ஆக்கிவிட்டேனே, இந்த ஜென்மத்தில் எனக்குப் பாஸ்போர்ட் இல்லை என்று நினைத்தேன்.

"இது உங்களுக்கு யார் சொன்னது?" கையை நாடியிலிருந்து எடுக்காமலே மோசர் கேட்டா.

"சேர்ச்சுக்கு வாற ஒரு அண்ணை. நீலக் கோட்டு. இடது கையில சின்னவிரல் பாதி."

அவ தாளில் கையெழுத்துப் போட்டா. மற்ற இருவரும் போட்டார்கள். அவ்வளவுதான், நான் பாஸ். எனக்கோ துள்ளுவதா ஓடுவதா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அவ சேர்ச்சுக்கு வந்து, என் கையைப் பிடித்துச் சவக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஒரு செடி மூடிய கல்லறை. செடியை விலக்கினா. கல்லில் ஒரு படம், நீலக் கோட்டோடு என் கிழவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். பெயர் அலோயிஸ். அதற்குக் கீழே, 'இந்தச் சேர்ச்சின் சிக்ரிஸ்ட்'. கல்லின் மேல், கோணலாக, நானே ஒட்டிய மஞ்சள் அட்டை.

"அந்தக் கதை எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்," என்றா. "அவர் சாகும்வரை சொல்லவில்லை."

அட்டையைப் பார்த்தேன். அவருக்கு முன்னாலேயே நின்று, பெர்மிட் முடியுது என்று பகிடி விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பயத்தைவிட வெட்கம்தான் கூட. ஃபிராவ் மோசர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினா. "நான் வ்ரேனி. இனி நீ என்றே கூப்பிடு." பதினைந்தாவது வருஷத்தில் இந்த ஊரோடு ஒட்டிவிட்டேன் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. என் மனுசனுக்குச் சொன்னேன், அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சீஸைக்கூடத் தொடவில்லை.

மார்ச்சில் இயந்திரம் வந்து ஏழு கல்லையும் தூக்கியது. வ்ரேனி கெமைண்டயில் எவ்வளவோ கேட்டுப் பார்த்தா, சட்டம் சட்டம்தான். படத்தை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போனா. இப்போது அங்கே புல். கிழவர் நவம்பரில் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பிறகு ஒரு வியாழக்கிழமையும் வரவில்லை. நானும் படியில் நின்று அந்தச் சொல்லைச் சொல்வதை நிறுத்திவிட்டேன், செத்தவீட்டிலிருந்து எழும்புகிற மாதிரி வாயை மூடிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

கன்ரோன் என்கிற மாநில அலுவலகம், தலைநகர் பேர்ன் என்று தாள்கள் சுற்றி முடிய ஒன்றரை வருஷம். சிவப்புப் பாஸ்போர்ட் கைக்கு வந்த கோடையில்தான் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என் கையை முறிக்கிற மாதிரிப் பிடித்தாள். பிள்ளையை முதலில் தூக்கியது நான்தான். அப்போது அழுததற்கு எந்தப் போத்தலிலும் போனைச் சாத்தவேண்டியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். இந்த ஊரில் மூன்று வாரமாக மழை இல்லை, புல் எல்லாம் காய்ந்து கிடந்தது. அந்த மாதம் முழுக்க சேர்ச்சைத் திறந்து பூட்டியது வ்ரேனி. வந்த அடுத்த நாள், வியாழக்கிழமை, நான் போய் முழுத் தரையையும் துடைத்தேன். கதவை உள்ளிருந்து பூட்டி, மெழுகுதிரி எடுக்கப் பின் அறைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வந்தேன். கதவு பூட்டியபடி. ஈரத் தரையில் சேற்றுத் தடம், ரப்பர் சப்பாத்துத் தடம், வாசலிலிருந்து கடைசி வாங்குவரை. உள்ளே வந்த தடம் மட்டும்தான். திரும்பிப் போன தடம் இல்லை. நான் சொல்லாமல் போனேன், அவர் சொன்னபடி வந்திருக்கிறார்.

பயந்து ஓடினேன் என்று நினைக்காதீர்கள். பயம் வந்தது, அது உண்மை. ஆனால் அதைவிட எனக்குக் கோபம், அவ்வளவு தரையையும் அப்போதுதான் துடைத்திருந்தேன். வெறும் வாங்கைப் பார்த்து ஏசினேன். "வாறது வாறியள் அண்ணை, சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு வந்தால் என்ன?"

அதன் பிறகு தரையில் ஒரு தடமும் இல்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் நாலு மணிக்குப் பிறகு வாசலுக்குப் போனால், கால்மிதியில் சேறு இருக்கும், இரண்டு சப்பாத்தையும் நல்லாக அழுத்தித் துடைத்த சேறு. நேற்றும் வியாழக்கிழமை. வெளியே நல்ல வெயில், தொட்டுப் பார்த்தேன், சேறு ஈரமாக இருந்தது.